பழைய முகம்… புது எந்திரம்! (ரெட்ரோ வண்டிகள் ஜெயிக்குமா?)



இந்த இதழில் நாம் பார்க்கப் போவது வண்டிகளைப் பற்றி. வண்டின்னா சும்மா வண்டி இல்லை, பார்க்கப் பழசு மாதிரி இருந்து உள்ளே புதுசாக இருக்கும் வண்டிகள். தளி ரோட்டில் அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்கள். உருண்டை லைட்டோடு ஒரு என்பீல்டு போகும். பின்னாடியே பழைய ஜீப் மாதிரி ஒரு தார் வரும். இரண்டுமே நம்ம தாத்தா காலத்து உருவம். ஆனால் ரெண்டும் போன வருஷம் வாங்கியதாக இருக்கும்!

இப்படி மாடல் போடுவது புத்திசாலித்தனமா, இல்லை புதுசாக யோசிக்கச் சோம்பலா? இதுதான் நம் கேள்வி.

ரெட்ரோ என்றால் என்ன?

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். புத்தம் புது டி-சர்ட்டைத் தைத்து முடித்து, வாஷிங் யூனிட்டுக்கு அனுப்பி, சாயம் மங்கிப்போன மாதிரி ஆக்கி, அதன் பிறகே பெட்டியில் கட்டுவார்கள். வெளிநாட்டுக்காரர் அதைத்தான் கேட்கிறார். பார்க்கப் பத்து வருஷம் போட்டுக் கழித்தது போல இருக்கணும். ஆனால் ஒரு துவைப்பில் தையல் பிரிந்தால் மொத்த ஆர்டரும் திரும்பி வந்துவிடும்!

ரெட்ரோ என்பது இதுதான். சாயல் பழசு, சரக்கு புதுசு. பழைய வண்டியை அப்படியே மாற்றாமல் செய்து கொண்டே இருப்பது ரெட்ரோ ஆகாது. அது வெறும் பழசு. இந்த வித்தியாசம் தெரிந்தால் கட்டுரையில் பாதி புரிந்த மாதிரி.

ஒரே காலத்துப் பிள்ளைகள் இருவர்

நம் நாட்டிலேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. ஒன்று அம்பாசிடர் கார். இன்னொன்று புல்லட் பைக்.

இரண்டுக்கும் பூர்வீகம் இங்கிலாந்து. அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற இங்கிலாந்துக் காரின் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. 1950களின் கடைசியில் மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைச் செய்யத் தொடங்கியது. புல்லட் என்ற பெயரோ 1932லேயே இங்கிலாந்தில் பிறந்துவிட்டது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் 800 புல்லட் கேட்டது. அதன் பிறகு 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது.

ஆக, ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. பல வருஷம் ரெண்டுமே பெரிய மாற்றம் இல்லாமல் ஓடின. ஆனால் முடிவு? அம்பாசிடர் தொழிற்சாலை 2014 மே மாதம் நின்றுவிட்டது. ராயல் என்பீல்டோ 2024-25 நிதியாண்டில் 10 லட்சம் பைக்குகளுக்கு மேல் விற்றது. முகம் ரெண்டும் பழசுதானே, ஒன்று ஏன் தோற்றது, இன்னொன்று ஏன் ஜெயித்தது?

அம்பாசிடர் கதை

முதலில் ஒரு விஷயம். அம்பாசிடரை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. உயரமான கூரை, அகலமான சீட்டு, மேடு பள்ளம் தாங்கும் பின்பக்க இலை வில், எந்த ஊரிலும் ரிப்பேர் பார்க்க ஆள். கல்யாணமா, கலெக்டரா, வாடகைக் காரா, எல்லாத்துக்கும் அம்பாசிடர்தான். 2013-ல் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சி உலகத்திலேயே சிறந்த டாக்சி என்று அதற்குப் பட்டமே கொடுத்தது!

அப்புறம் ஏன் அடுத்த வருஷமே நின்றது?

அந்தக் காலத்தில் கார் செய்ய அரசு லைசென்ஸ் வேண்டும். போட்டிக் கம்பெனிகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க ஜனங்கள் இருந்தார்கள். வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது மாடலை ஏன் மாற்ற வேண்டும்? மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர்கள் வந்தன. முன் கிரில் மாறியது, லைட்டுப் பக்கம் கொஞ்சம் மாறியது. அடி உடம்பு அதேதான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சின்ன வண்டி, நல்ல மைலேஜ், ஓட்ட லேசு. ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 1990களில் ஜப்பானின் இசுஸு எஞ்சினை அம்பாசிடருக்குள் வைத்தார்கள். எஞ்சின் நன்றாகவே இழுத்தது. ஆனால் அதைச் சுமந்த கூடு 1950களின் கூடு.

2004-ல் அவிகோ என்று ஒரு மாடல் விட்டார்கள். நம் கட்டுரைக்கு இதுதான் முக்கியம். வேண்டுமென்றே பழைய அழகைக் கூட்டி, உருண்டையான முகம் வைத்து, உள்ளேயும் பழங்காலச் சாயலில் அலங்காரம் செய்த மாடல் அது. அதாவது பழைய காருக்கே ரெட்ரோ வேஷம் போட்டார்கள்! அது எடுபடவில்லை. வேஷத்துக்கு உள்ளே இருந்தது நிஜமாகவே பழசு என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்து போனது.

1980களின் நடுவில் வருஷத்துக்கு 24,000 அம்பாசிடர் விற்றதாம். கடைசி வருஷத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். 2014-ல் வேலை நிறுத்தப்பட்டபோது உத்தர்பாராவில் சுமார் 2,500 தொழிலாளிகள் நின்றார்கள். 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு 80 கோடி மதிப்பு இருந்தது பாருங்கள். ஜனங்களுக்குப் பிரியம் இல்லாமல் போகவில்லை. பிரியம் மட்டும் போதவில்லை.

புல்லட் கதை

புல்லட்டும் கிட்டத்தட்ட அதே குழியில் விழ இருந்ததுதான். 2000-ஆம் ஆண்டு வாக்கில் மாசம் 6,000 பைக் செய்யும் வசதி இருந்தும் விற்றது 2,000 பைக்தான். வார்ப்பிரும்பு எஞ்சின், எண்ணெய்க் கசிவு, உதைத்து உதைத்துக் கால் வலிக்கும் கிக்கர், கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். தாய்க் கம்பெனியான ஐச்சர், இதை மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்று யோசித்தது. அப்போது பொறுப்பேற்றவர் சித்தார்த்த லால்.

அவர்கள் என்ன செய்தார்கள்? முகத்தைத் தொடவில்லை. உள்ளே ஒவ்வொன்றாக மாற்றினார்கள். கியர் இடது பக்கம் வந்தது. பட்டன் ஸ்டார்ட்டர் வந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் புது அலுமினிய எஞ்சின் வந்தது. எண்ணெய்க் கசிவுத் தொல்லை குறைந்தது. இதெல்லாம் முடிந்த பிறகே 2009-ல் கிளாசிக் என்ற மாடலை நம் நாட்டில் விட்டார்கள். அதன் உருவம் 1940, 50களின் இங்கிலாந்துப் பைக்கைப் போல. துளி வடிவ டேங்க், தொப்பி போட்ட உருண்டை லைட்டு, பக்கத்தில் ரெண்டு குட்டி லைட்டு, ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டு.

2010-ல் மொத்த விற்பனை ஐம்பதாயிரத்துச் சொச்சம். அதன் பிறகு ஏறியது ஏற்றம்தான். 2013-ல் ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை, அப்புறம் வல்லம் வடகாலில் இன்னொன்று.

2021-ல் கிளாசிக்கை மறுபடியும் முழுசாக மாற்றினார்கள். புதுச் சட்டம், புது எஞ்சின். அதிர்வைக் குறைக்க உள்ளே ஒரு எதிர் எடைத் தண்டு. சறுக்காமல் நிற்க ஏ.பி.எஸ். பிரேக். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் அதே பழைய முகம்!

இங்கே அறிவியல் ஆசிரியர்களுக்குப் பிடித்த ஒரு விஷயம். அந்த 'டப் டப்' சத்தம் எப்படி வருகிறது? பழைய புல்லட்டில் சிலிண்டரின் குறுக்களவு 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. புது எஞ்சினில் 72 மி.மீ., 85.8 மி.மீ. இன்னமும் அகலத்தை விட உயரம்தான் அதிகம். பெரிய ஒற்றைப் பிஸ்டன், நீண்ட தூரம், நிதானமான வேகம். அதனால் ஒவ்வொரு வெடிப்பும் காதுக்குத் தனித்தனியாகக் கேட்கிறது. ஆக, அந்தச் சத்தம் பூசிய சாயம் இல்லை, எஞ்சினின் குணமே அதுதான்.

பழைய வண்டி ஏன் அப்படி இருந்தது?

'அப்படீன்னா பழைய காரை அச்சு அசலாகப் புதுசாச் செய்ய வேண்டியதுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். அது முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

1. உருண்டை லைட்டு அழகுக்காக மட்டும் வந்ததில்லை. 1940-லிருந்து அமெரிக்காவில் எல்லாக் காருக்கும் 7 அங்குல வட்ட விளக்கு என்று ஒரே அளவு வைத்தார்கள். ஒன்று பீஸ் போனால் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஜீப், அம்பாசிடர் முகங்கள் அப்படி இருக்க இந்த 7 அங்குலமும் ஒரு காரணம்.

2. பழைய காரின் கூரையைத் தாங்கும் தூண்கள் ஒல்லியாக இருக்கும். பார்க்க அழகு. ஆனால் கவிழ்ந்தால்? இன்றைய தூண்கள் தடிமன். கதவுக்குள் இரும்புச் சட்டம் உண்டு. முன்பகுதி மோதலில் தானே நசுங்கி, உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும்படி அமைக்கிறார்கள். அதனால் எந்த ரெட்ரோ காரும் தன் தாத்தாவை விடக் குண்டாகத்தான் இருக்கும்.

3. காற்று எதிர்ப்பு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகும். பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்று எதிர்ப்பு எண் சுமார் 0.48. அதே சாயலில் வந்த புது பீட்டிலுக்குச் சுமார் 0.38. இன்றைய நல்ல செடான் கார்களுக்கு 0.25 முதல் 0.30 வரை. எண் கூடினால் பெட்ரோலும் கூடச் செலவாகும்.

4. சட்டம். நம் நாட்டில் 2017 அக்டோபர் முதல் புது மாடல் கார்கள் மோதல் சோதனையில் தேற வேண்டும். 2019 முதல் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். பழைய வரைபடத்தை வைத்துக் கொண்டு இதில் தேற முடியாது.

வெளிநாட்டில் என்ன நடந்தது?

இங்கிலாந்தின் மினி கார் 1959-ல் வந்தது. அதற்கு மூன்று வருஷம் முன் சூயஸ் கால்வாய்ச் சண்டையால் பெட்ரோல் தட்டுப்பாடு. அதனால் குட்டிக் காராகச் செய்தார்கள். நீளம் 3 மீட்டரும் கொஞ்சமும்தான். எஞ்சினைக் குறுக்காக வைத்து மிச்ச இடத்தை மனுஷருக்கு விட்டார் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ். அன்றைக்கு அது புரட்சி. 2001-ல் பி.எம்.டபிள்யூ. அதே சாயலில் புது மினியைக் கொண்டு வந்தது. நீளம் 3.6 மீட்டருக்கு மேல்! நன்றாக விற்கிறது, ஓட்ட ஜோராக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் பழைய மினி நிஜமாகவே சின்னது, புதுசு பார்க்க மட்டும் சின்னது. ஏழைக்கு வந்த கார் பணக்காரர் கார் ஆகிவிட்டது.

வோக்ஸ்வாகன் பீட்டிலும் அப்படித்தான். பழையது 2 கோடிக்கு மேல் விற்ற ஜனங்களின் கார். எஞ்சின் பின்னால், குளிர்விப்பது காற்று. 1990களின் கடைசியில் வந்த புது பீட்டிலில் எஞ்சின் முன்னால், குளிர்விப்பது தண்ணீர். உள்ளே கோல்ஃப் என்ற வேறு கார். ஸ்டீயரிங் பக்கத்தில் பூ வைக்க ஒரு குட்டிக் குவளை கூட உண்டு! ஆரம்பத்தில் கூட்டம் அலைமோதியது. நாளடைவில் ஆசை அடங்கியது. 2019 ஜூலையில் மெக்சிகோவில் கடைசி பீட்டில் வெளிவந்தது.

இத்தாலியின் ஃபியட் 500 சொந்த ஊரில் 2007 முதல் பெரிய வெற்றி. நம் நாட்டுக்கு 2008-ல் இறக்குமதியாக வந்தபோது விலை கிட்டத்தட்ட 15 லட்சம் ரூபாய். குட்டிக் காருக்கு அவ்வளவா என்று ஜனங்கள் கேட்டார்கள், கதை முடிந்தது. காரணம் யோசித்துப் பாருங்கள். இத்தாலிக்காரருக்கு அது பாட்டி ஓட்டிய கார். நமக்கு யாரோ ஓட்டிய கார். ஞாபகம் யாருக்கு இருக்கோ அவருக்குத்தான் ரெட்ரோ!

ஜீப்பிலிருந்து தார் வரை

நமக்கு ஞாபகம் உள்ள வண்டி எது? ஜீப். நம்ம ஊரிலிருந்து சின்னார், மறையூர் வழியாக மூணாறு போகிறவர்களுக்கு ஜீப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டத் தொடங்கிய கம்பெனி மஹிந்திரா. அதே கம்பெனி 2020-ல் புது தாரை விட்டது. உருண்டை லைட்டு, தட்டை மட்கார்டு, பெட்டி உடம்பு. உள்ளே ஏர்பேக், ஏ.பி.எஸ்., தொடுதிரை. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5-க்கு 4 நட்சத்திரம் வாங்கியது. மஹிந்திராவின் பெரிய ஆராய்ச்சி மையம் நம் செங்கல்பட்டுப் பக்கம்தான் இருக்கிறது என்பது கூடுதல் சந்தோஷம்.

தாரின் பெட்டி உடம்புக்கு இன்னமும் ஒரு வேலை இருக்கிறது. தரையிலிருந்து உயரம், முன்னும் பின்னும் குட்டையான மூக்கு. மலைப்பாதையில் மேடு ஏறும்போது இடிக்காது. ஆனால் மூன்று கதவு மாடலில் பின் சீட்டுக்கு ஏறுவது பெரியவர்களுக்குச் சிரமம்தான். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2024-ல் ஐந்து கதவோடு தார் ராக்ஸ் வந்தது. ஞாபகத்துக்காக வாங்கினாலும் பாட்டி ஏறி உட்காரணும் இல்லையா!

இன்னொரு வழியும் உண்டு. ஹூண்டாய் ஐயோனிக் 5 என்ற மின்சாரக் கார். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் பூட்டி, 2023-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. 1974-ல் ஹூண்டாய் காட்டிய போனி என்ற காரின் காகிதம் மடித்தது போன்ற கோடுகளை மட்டும் அதில் எடுத்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் புதுசு. போனி தெரிந்தவருக்கு ஞாபகம் வரும், தெரியாதவருக்கும் அழகாக இருக்கும். 2022-ல் உலகின் சிறந்த கார் விருதும் வாங்கியது.

சரி, முடிவு என்ன?

ரெட்ரோ ஜெயிக்கும். ஆனால் மூன்று கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால்தான்.

* உள்ளே இருப்பது இன்றைய எந்திரமா? (கிளாசிக் ஆமாம், அவிகோ இல்லை.)
* அந்த உருவத்துக்கு இன்னமும் வேலை இருக்கிறதா? (தார் ஆமாம், புது பீட்டில் அவ்வளவாக இல்லை.)
* வாங்குகிறவர் மனசில் அந்த ஞாபகம் இருக்கிறதா, விலை அவர் கைக்கு எட்டுகிறதா? (நம் ஊரில் ஃபியட் 500 இல்லை.)

இதில் முதல் கேள்விதான் உயிர்க் கேள்வி. பைக் என்றால் ஆசைக்கு வாங்குவோர் உண்டு. கார் அப்படி இல்லை. அதில் வீட்டில் உள்ளவர் எல்லாரும் உட்காருகிறார்கள். ஆகவே காரில் ரெட்ரோ செய்வது பைக்கை விடக் கஷ்டம். பழைய முகத்தைப் பார்த்து மயங்கி, ஏர்பேக் இருக்கா, எத்தனை நட்சத்திரம் என்று கேட்காமல் யாரும் பணம் கட்டக் கூடாது.

'ஏனுங்க, பழசுன்னா உறுதிதானுங்களே?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். தகரம் கனமாக இருந்தது உண்மைதானுங்க. ஆனால் கனத்த தகரம் மோதலின் வேகத்தை உள்ளே இருக்கும் ஆளிடமே கொண்டு போய்ச் சேர்க்கும். நசுங்க வேண்டிய இடத்தில் நசுங்குவதுதான் இன்றைய உறுதி.

நண்பர்களே, நம்மில் பலர் நாளைக்கு ஆடை வடிவமைப்புக்கோ, மில்லுக்கோ, வண்டித் தொழிலுக்கோ போகப் போகிறோம். சாம்பிளைப் பார்த்து அப்படியே எடுப்பது சுலபம். ஒரு கம்பெனி தன் பழைய மாடலையே நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தர்பாராவின் 2,500 தொழிலாளிகள் சாட்சி. பழசை மதித்து உள்ளே உழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரகடம் சாட்சி. முன்னோர் கொடுத்த முகத்தை வைத்துக் கொள்ளலாம், தப்பே இல்லை. உழைப்பு மட்டும் நம்முடையதாக இருக்கணும்.

உங்களுக்குத் தெரியுமா?

* மும்பையின் பழைய கருப்பு மஞ்சள் டாக்சியான பிரீமியர் பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100 காரிலிருந்து வந்தது. 2023 அக்டோபரோடு அந்த டாக்சிகள் மும்பைச் சாலையிலிருந்து விடைபெற்றன.
* பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டர் 1972-ல் வந்தது. அதே பெயரில் மின்சார ஸ்கூட்டர் 2020-ல் விற்பனைக்கு வந்தது. அதிலும் உடம்பு இரும்புத் தகடுதான்!
* கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கார்களை நேரிலேயே பார்க்கலாம். அடுத்த முறை கோவை போனால் தவறவிடாதீர்கள்.

யோசித்துப் பாருங்கள்!

மறுபடியும் ஒரு அம்பாசிடர் மின்சாரக் காராக வந்தால், அதில் எதை அப்படியே வைப்பீர்கள்? எதை மாற்றுவீர்கள்? ஒரு தாளில் படம் வரைந்து, காரணம் இரண்டு வரி எழுதி, இதழ்க் குழுவிடம் கொடுங்கள். நல்ல படங்கள் அடுத்த தாளில் ஒட்டப்படும்.